ஐம்பது கேபிக்குள் என் முகம்

எங்கள் கருவாட்டுச் சந்தையின் கூரையைப் பிரித்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்டப்போகிறார்கள் என்று சொன்னபோது நான் கவலைப்படவில்லை. அந்தக் கூரை ஒழுக ஆரம்பித்து எத்தனையோ வருஷமாகிறது. மழை வந்தால் தலைக்கு மேலே தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, சரக்கைப் பிள்ளையை அணைப்பது போல அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கட்டினால் நல்லதுதான். ஆனால் அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்குத்தான் புதுக் கட்டடத்தில் இடம் என்றார்கள். அட்டைக்குக் கம்ப்யூட்டரில்தான் மனுப் போட வேண்டும் என்றார்கள். அதற்கும் நான் கவலைப்படவில்லை. வாசலிலிருந்து ஐந்தாவது கடை, தூணுக்குத் தெற்கே. நாற்பது வருஷமாக அங்கே உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தெரியாதவர்கள் தூத்துக்குடியில் கருவாடு தின்னாதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

மாநகராட்சி ஆபீசிலிருந்து வந்தவர் சந்தை நடுவில் நின்று ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். வியாபாரி தன் இடத்தில், தன் சரக்கோடு இருப்பது போல ஒரு போட்டோ வேண்டும். அந்தப் போட்டோ ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

"கேபின்னா என்னய்யா?" என்று கேட்டேன்.

"அத கம்ப்யூட்டர் பாத்துக்கிடும். நீங்க போட்டோவ மட்டும் குடுங்க" என்றார். அவருக்கும் தெரியாது என்று எனக்குத் தோன்றியது. தெரிந்தவர் அப்படி அவசரமாகத் தாளை மடிக்க மாட்டார்.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மெதுவாக எழுதுவேன். யாராவது அவசரப்படுத்தினால் இரண்டும் வராது. ஆனால் கேள்வி கேட்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. கடை நிறையாமல் யாரும் உட்கார மாட்டோம். முதல் ஆள் வந்து விலை கேட்பதற்கு முன்னால் பலகை நிறைந்திருக்க வேண்டும். பாதிப் பலகையோடு உட்கார்ந்தால் அன்றைக்குப் பாதி வியாபாரம்தான் என்பது எங்கள் நம்பிக்கை. போட்டோ எடுக்கிற அன்றும் அப்படித்தான் செய்தேன். நெத்திலியைக் கோபுரமாகக் குவித்தேன். சாளையை வரிசை வரிசையாக அடுக்கினேன். வாளையைப் பின்னால் கயிற்றில் தொங்கவிட்டேன். மகன் கல்யாணத்துக்கு எடுத்த பூப்போட்ட பட்டைக் கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன்.

பக்கத்துக் கடைக்காரிதான் தன் போனில் எடுத்தாள். அவளும் நானும் ஒரே வயசு. ஒருநாள்கூடச் சண்டை போடாமல் இருந்ததில்லை, ஒருநாள்கூடப் பேசாமலும் இருந்ததில்லை.

"ஏளா, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்க. மாப்பிள எங்க, நெத்திலிக்குள்ள ஒளிஞ்சிருக்கானா?" என்றாள்.

"எடுக்கிற வேலையப் பாரு."

அவளுக்கு அன்றைக்குச் சரக்கு ஏற்றிவந்த ஆட்டோ வழியில் நின்றுவிட்டது. பலகையில் நீலத் தார்ப்பாயும் அதன்மேல் இரண்டு கட்டு வாளையும்தான் கிடந்தன. வெளுத்துப்போன சந்தனக் கலர் நூல் சேலை கட்டியிருந்தாள். சரக்கு வரட்டும், அப்புறம் எடுக்கலாம் என்றேன். கேட்கவில்லை.

"எடு ஏளா. அங்கன என்ன அழகுப் போட்டியா நடக்கு" என்றாள். அப்படியே எடுத்துக்கொடுத்தேன். இப்படி வெறும் பலகையோடு படத்தில் இருப்பதற்கு வெட்கமாக இல்லையா என்று மனசுக்குள் நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கிற ஒரு பெண் இருக்கிறாள். நாசரேத் பக்கத்துக்காரி, நாற்பது வயசிருக்கும். முன்பு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவளாம். இன்னும் எல்லோரிடமும் பாடம் நடத்துகிற குரலில்தான் பேசுவாள். நாங்கள் இரண்டு பேரும் அவளிடம் போனோம். என் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள்.

"ஒவ்வொரு நெத்திலிக்கும் கண்ணு தெரியுதே ஆச்சி" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. நெத்திலியைக் காயப்போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கண் உதிராமல் காய்வது எல்லோருக்கும் வராது.

"ஆனா இது நாலாயிரம் கேபிக்கு மேல இருக்கு. அம்பதுக்குள்ள கொண்டுவரணும்" என்றாள்.

ஏதோ அமுக்கினாள். திரும்ப அமுக்கினாள். திரையைப் பார்த்தேன். நெத்திலியெல்லாம் கரைந்து கூழாகிக் கிடந்தது. சேலையில் இருந்த பூக்கள் கட்டம் கட்டமாகச் சிதறிப்போயிருந்தன. நடுவில் என் முகம், இரண்டு நாள் தண்ணீரில் ஊறின அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது. மூக்கு எது, கன்னம் எது என்று எனக்கே தெரியவில்லை.

"கொஞ்சம் சின்னதா ஆக்கினா தெளியாதா தாயி?"

"நீள அகலத்துல கைவைக்க முடியாது ஆச்சி. அது அவங்க சொன்ன அளவுலதான் இருக்கணும். உள்ள இருக்கறதத்தான் குறைக்கணும். இதுக்கு மேல வராது, போட்டுவிடுவோம்" என்றாள்.

போட்டோம். பக்கத்துக் கடைக்காரி படத்தையும் அதே மாதிரி அமுக்கினாள். அவள் முகம் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று வந்தது. "பாத்தியா, அழகு யாருக்குன்னு கம்ப்யூட்டருக்கே தெரியுது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நாலாவது நாள் என் மகன் போனுக்குச் செய்தி வந்தது. மனு தள்ளுபடி. முகம் தெளிவாக இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் மறுபடி போடலாம், அதற்குப் பிறகு அந்த இடம் சீட்டுக் குலுக்கலுக்குப் போய்விடும். பக்கத்துக்காரிக்கு ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்திருந்தது.

மகன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். நல்ல பிள்ளைதான். ஆனால் எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் அவனுக்கு. விதியில் இன்னொன்றும் இருந்ததாம். குடும்பத்தில் வேறு யார் பேரிலாவது அட்டை கேட்டால், கடையில் உட்கார்ந்த படம் வேண்டாம், சாதாரணச் சின்னப் படம் போதும். அவனிடம் அப்படி ஒரு படம் போனிலேயே இருந்தது. வேறு எதற்கோ எடுத்தது. முப்பது கேபி.

"யம்மா, என் பேருக்குப் போட்டா ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும்" என்றான். "கடை கடையாத்தான இருக்கப் போவுது. நீதான இருக்கப் போற. அட்டையில யாரு மூஞ்சி இருந்தா என்ன?"

"நீ ஒருநாளாச்சும் அந்தப் பலகையில உக்காந்திருக்கியாலே?"

"அதுக்கில்லம்மா."

"மழைக்கு உக்காந்திருக்கியா? மழையில நனைஞ்ச சரக்க மறுபடியும் காயப் போட்டிருக்கியா?"

"யம்மா, இடம் போயிரும்னுதான் சொல்லுதேன்."

அவன் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கும் பயம் இருந்தது. ஆனால் உட்கார்ந்தவளுக்கு இத்தனை சோதனை, உட்காராதவனுக்குச் சின்னப் படம் போதும் என்றால், அந்த விதிக்குத் தலையை ஆட்ட எனக்கு மனசு வரவில்லை. இவன் அப்பா கடலோடு போனபிறகு அந்தப் பலகைதான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டது. அந்த இடத்துக்குப் போகிறவர் வருகிறவரெல்லாம் அடையாளம் சொல்வது என்னை வைத்துத்தான். அட்டையில் மட்டும் வேறு முகம் எதற்கு?

வியாழக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு மறுபடி கம்ப்யூட்டர்க் கடைக்குப் போனேன். அந்தப் பெண் பழைய படத்தையே எடுத்து மூன்று விதமாக அமுக்கிப் பார்த்தாள். மூன்றும் மூன்று விதமாகக் கெட்டது. ஒன்றில் எனக்குக் கண்ணே இல்லை. சரக்கை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்தால் முகம் தெளிந்தது. ஆனால் சரக்கு இல்லாத படம் செல்லாது.

"இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது ஆச்சி. மெஷின் செய்யிறதுதான்."

"ஒரு விஷயம் சொல்லு தாயி. நீ அமுக்கும்போது அது எதக் குறைக்கி?"

"எதன்னா? படத்தத்தான்."

"படத்துல எத? தலையவா, சேலையவா, மீனவா?"

அவள் என்னைப் பார்த்தாள். டீச்சராக இருந்தபோது இப்படிக் கேட்கிற பிள்ளைகளை அவளுக்குப் பிடித்திருக்காது என்று நினைக்கிறேன். "எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கும்" என்றாள்.

நான் பக்கத்துக் கடைக்காரியின் படத்தைக் காட்டச் சொன்னேன். அது கம்ப்யூட்டரிலேயே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.

"அவளுக்கு எத்தன கேபி?"

"நாப்பத்தெட்டு."

"எனக்கு?"

"நாப்பத்தொம்பது."

அவளைவிட எனக்கு ஒன்று அதிகம். அப்படியும் அவள் முகம் தெளிவு, என் முகம் கூழ். நான் இரண்டையும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் மணி பார்த்தான். வெளியே ஜெராக்ஸுக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். எனக்கு அவசரம் இல்லை. கருவாடு காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு எப்போது அவசரம் வரும்?

மீனைக் காயவைக்கிறபோது அதில் இருக்கிற தண்ணீரைத்தான் எடுக்கிறோம். மீனை எடுப்பதில்லை. சதை அப்படியே நிற்க வேண்டும், தண்ணீர் மட்டும் போக வேண்டும். எது போகலாம், எது போகக் கூடாது என்று பார்த்து வெயிலில் திருப்பிப் போடத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. இந்த மெஷினுக்கு அது தெரியாது. அதற்கு நெத்திலியும் ஒன்றுதான், நானும் ஒன்றுதான். பலகையில் ஆயிரம் நெத்திலி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கண். சேலை நிறையப் பூ. பின்னால் வாளை, கயிறு, தகரத் தட்டியின் வரி. இத்தனைக்கும் சேர்த்து ஐம்பது. பந்தியில் கூட்டம் அதிகமானால் ஆளுக்கு ஒரு கரண்டிதான் வரும். அவள் பந்தியில் இருந்தது அவளும் இரண்டு கட்டு வாளையும்தான். வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறாள்.

"என் முகத்துக்கு உள்ளத நெத்திலி தின்னுட்டு" என்றேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மகன் சிரிக்கவில்லை. "யம்மா, போதும்மா" என்றான்.

"நாளைக்கு வேற படம் எடுத்துட்டு வாரேன். சேலையையும் மாத்திட்டு வாரேன்."

"சேலைய மாத்துனா கேபி குறையுமா ஆச்சி? எந்தப் போட்டோவா இருந்தாலும் போன்ல எடுத்தா இப்படித்தான் இருக்கும்" என்றாள் அவள்.

"எடுத்துட்டு வாரேன். நீ அமுக்கிப் பாரு" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சரக்கை இறக்கவே இல்லை. பெட்டிகளையெல்லாம் தூணுக்குப் பின்னால் அடுக்கிவிட்டேன். பலகையைக் கழுவித் துடைத்தேன். தகரத்தை மறைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளை விரிப்பை ஆணியில் மாட்டிச் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டினேன். மீன் கழுவும்போது கட்டுகிற கருநீலச் சேலையைக் கட்டியிருந்தேன். பூ கிடையாது, கரை கிடையாது. பலகையில் ஒரே ஒரு கட்டா மீன் கருவாடு. ஒரு கை நீளம் இருக்கும், முதுகில் கீறி விரித்துக் காயவைத்தது. அதைப் பார்த்தால் கருவாட்டுக்காரி என்று எவனும் சொல்லிவிடுவான். கழுத்துச் சங்கிலியைக் கழற்றலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கழற்றவில்லை. அது நெத்திலியோடு சேர்ந்ததில்லை, என் முகத்தோடு சேர்ந்தது.

வரிசையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நாற்பது வருஷத்தில் என் பலகையை அப்படி யாரும் பார்த்ததில்லை. பக்கத்துக் கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காலங்காத்தால வெறும் பலகையில உக்காராத ஏளா. உனக்கும் ஆகாது, பக்கத்துல இருக்க எனக்கும் ஆகாது" என்றாள்.

"அன்னைக்கு உனக்கு ஆச்சுல்லா? உன் படம் போய்ச் சேந்துட்டுல்லா? போன எடு."

"பட்டு எங்க?"

"பட்டு பெட்டியில இருக்கு. எடுக்கியா, இல்ல எந்திரிச்சு வரவா?"

முனகிக்கொண்டே எடுத்தாள். ஒன்று ஆடிவிட்டது என்று இன்னொன்றும் எடுத்தாள். அதன்பிறகுதான் சரக்கை இறக்கி வியாபாரத்துக்கு உட்கார்ந்தேன்.

மத்தியானம் கம்ப்யூட்டர்க் கடைக்குப் போனபோது மகன் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். திரையில் அவன் பேரில் ஒரு மனு நிரப்பித் தயாராக இருந்தது. அவன் படமும் அதில் ஏறியிருந்தது. கடைசியில் ஒரு பட்டனை அமுக்குவதுதான் பாக்கி.

"இது ஒரு பாதுகாப்புக்கும்மா. உன்னது வரலன்னா இதப் போட்டுருவோம். நாலு மணிக்கு நான் ஷிப்டுக்குப் போணும்" என்றான்.

பக்கத்துக் கடைக்காரியிடம் வாங்கிவந்திருந்த போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். படத்தை ஏற்றினாள். ஏற்றினவுடனே, "இது முதல்லயே பாதிதான் இருக்கு" என்றாள். குரலில் பாடம் நடத்துகிற அழுத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. பிறகு அமுக்கினாள்.

நான் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"நாப்பத்தேழு" என்றாள். "சுருக்கம் எல்லாம் அப்படியே இருக்கு."

அதன்பிறகுதான் பார்த்தேன். நான் இருந்தேன். நெற்றியில் மூன்று கோடு, கன்னத்தில் வெயில் கருத்த இடம், சங்கிலி, எல்லாம் இருந்தது. விரிப்பும் சேலையும் கொஞ்சம் மங்கியிருந்தன, அவை மங்கினால் யாருக்கு என்ன? கட்டாக் கருவாட்டின் வால்கூடத் தெரிந்தது. என் மகன் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.

"எப்படி ஆச்சி?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"பந்தியில ஆளக் குறைச்சேன்" என்றேன்.

அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "முகத்தக் கொஞ்சம் மழமழன்னு ஆக்கவா? ஒரு பட்டன்தான். பத்து வயசு குறைஞ்சிரும், கேபியும் இன்னும் குறையும்."

"சுருக்கத்துல கைய வைக்காத தாயி. இருக்கது இருக்கட்டும்."

பேர், அப்பா பேர், கடையின் இடம், எத்தனை வருஷம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்தாள். நான் ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்துச் சரி சொன்ன பிறகுதான் அடுத்ததற்குப் போகவிட்டேன். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. எனக்குப் பிறகு இந்த இடம் யாருக்கு என்று கேட்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, என் மகனைப் பார்த்தாள். அவன் பேரை அடிக்க விரலைக்கூட வைத்துவிட்டாள்.

"இது கட்டாயமா?" என்று கேட்டேன்.

"கட்டாயம் இல்ல. சிவப்புப் புள்ளி வச்சதுதான் கட்டாயம்."

"அப்ப அது வெறும இருக்கட்டும்."

மகன் முகம் ஒரு மாதிரி ஆனது. அவன் இடத்தை ஆசைப்பட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். கிரேனை விட்டுவிட்டுக் கருவாடு விற்க வருகிறவனும் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டத்தில் தன் பேர் தானாக விழும் என்று நினைத்திருந்தான். எதுவும் தானாக விழாது. நான் இருக்கிறபோதே எனக்குப் பிறகு யார் என்று எழுதிவைக்க எனக்கு அவசரம் இல்லை. யோசித்துச் சொல்வேன். கேட்டால் சொல்வேன்.

மூன்றரை மணிக்கு மனு போனது. அவன் பேரில் நிரப்பி வைத்திருந்ததை அவனே மூடினான். மூடுவதற்கு முன்னால் அந்தப் பெண், "இத வச்சுக்கிடவா, வேண்டாமா?" என்று கேட்டாள். "வேண்டாம்" என்று அவன்தான் சொன்னான். பைக்கில் என்னைச் சந்தையில் இறக்கிவிட்டுத் துறைமுகத்துக்குப் போய்விட்டான்.

அதன்பிறகு ஐந்து நாள் வீட்டில் எங்களுக்குள் தேவைக்குத்தான் பேச்சு. நானும் வலியப் போய்ப் பேசவில்லை. தப்பு செய்தவள்தான் முதலில் பேச வேண்டும், நான் தப்பு செய்யவில்லை. பக்கத்துக் கடைக்காரி மட்டும் நாளைக்கு மூன்று தடவை, "செய்தி வந்துட்டா, வரலியா?" என்று கேட்டாள். நான் வெறும் பலகையில் உட்கார்ந்ததால் தனக்கு இரண்டு நாள் வியாபாரம் படுத்துவிட்டது என்றும் சேர்த்துச் சொன்னாள். அவள் வியாபாரம் என்றைக்கு எழுந்து நின்றது?

ஆறாவது நாள் காலையில் அவன் ராத்திரி ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராகச் சந்தைக்கு வந்தான். தலையில் தொப்பியோடு, சட்டையெல்லாம் நிலக்கரித் தூசி. போனை நீட்டிக்கொண்டு என் பலகைக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஏத்துக்கிட்டாங்கம்மா" என்றான்.

"பேர வாசி."

வாசித்தான். என் பேர். அப்பா பேர். வாசலிலிருந்து ஐந்தாவது கடை.

"இன்னொரு தடவ வாசி. சத்தமா."

வரிசைக்கே கேட்கும்படி வாசித்தான். பக்கத்துக் கடைக்காரி, "எங்களுக்கும் காது இருக்குல்லா" என்றாள். அவன் சிரித்தான், அந்த ஐந்து நாளில் முதல் தடவையாக. பிறகு போனை என் பக்கம் திருப்பி அட்டையைக் காட்டினான். ஒரு விரல்கடை அளவுதான் இருந்தது என் முகம். விரலால் பெரிதாக்கிக் காட்டினான். பெரிதாக்கியும் கலையவில்லை.

அதற்குள் பெட்டியோடு இரண்டு பேர் நெத்திலி கேட்டு வந்துவிட்டார்கள். இவன் நின்ற இடத்தில் அவர்களுக்குப் பலகை தெரியவில்லை. எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"ஏலே, கடைய மறைச்சுக்கிட்டு நிக்காத" என்றேன். "சுத்தி உள்ள வந்து உக்காரு. அந்தச் சாக்கக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோ."

வந்து உட்கார்ந்தான். நான் நெத்திலியை நிறுக்க ஆரம்பித்தேன்.